ஐம்பத்தோரு மீட்டர்

"இழுத்துப் பிடி. தொங்க விடாத" என்றாள் அம்மா. புதுச் சேலையின் ஒரு முனை என் கையில் இருந்தது. மறுமுனைப் பக்கம் அம்மா தரையில் உட்கார்ந்து, சேலையோடு சேர்ந்து வந்திருந்த ரவிக்கைத் துணியைத் தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். கொட்டாம்பட்டியில் மலையாண்டி மாமா வீட்டில் அடுத்த மாதம் காதுகுத்து. அதற்குக் கட்டிக்கொள்ள எடுத்த சேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கே வீட்டுக்குள் லைட் போட வேண்டியிருந்தது. புயல் கடலிலேயே நிற்கிறது, புதன்கிழமை கரைக்கு வரும் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கத்தரிக்கோல் கடைசி நூலை வெட்டியதும் அந்தத் துண்டு அம்மாவின் மடியில் விழுந்தது. என் கையில் இருந்த சேலை அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு அம்மாவின் நீலச் சேலை ஞாபகத்துக்கு வந்தது.

அம்மா ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போகும்வரை காத்திருந்தேன். பிறகு பீரோவில் இருந்து அம்மாவின் நீலச் சேலையை எடுத்து வீட்டுத் தரையில் விரித்தேன். எங்கள் வாடகை வீட்டின் டைல்ஸ் ஒவ்வொன்றும் அறுபது சென்டிமீட்டர். அறையில் இடம் போதாமல் சேலையை மடக்கி மடக்கி எண்ணினேன். ஒன்பது டைல்ஸ். மறுபடி எண்ணினேன். ஒன்பதுதான். ஐந்து மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். நான் ஆறு மீட்டர் இருபது என்று நினைத்திருந்தேன். அந்தச் சேலை வந்த கவரில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அதில் ரவிக்கைத் துணியை வெட்டி எடுத்திருப்பார்கள் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

இது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிய, முனீஸ் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறாள். போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் இரண்டு தடவை தேறிவிட்டாள். போன தடவை உடல்திறன் தேர்வில் போனது. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அக்கா இரண்டு நிமிடம் முப்பத்தாறு நொடி எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவையும் இல்லையென்றால் தை மாதம் மலையாண்டி மாமாவின் மகனுக்குப் பேசி முடித்துவிடுவது என்று அம்மா மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். மாமா மகன் கெட்டவன் இல்லை. ஆனால் அக்கா அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

புரட்டாசியில் அக்கா மறுபடி ஓட ஆரம்பித்தாள். ஆனையூர்க் கண்மாய் அப்போது காய்ந்து கிடந்தது. பையன்கள் கரைமேல் ஓடுவார்கள். அக்காவுக்குக் கண்மாய்க்குள்ளேயே நானூறு மீட்டர் அளந்து கோடு போட வேண்டும். கடைக்கு நேரமாகிவிட்டதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். பக்கத்துத் தெரு பேயாண்டியின் சித்தப்பா கொத்தனார். அவர்கள் வீட்டில் முப்பது மீட்டர் டேப் இருக்கிறது, போய்க் கேட்டு வாங்கிக்கொள் என்றாள். "நீ அளந்தா சரியா இருக்கும்டி" என்றும் சொன்னாள்.

நான் போனேன். பேயாண்டி வீட்டு வாசலில் நான்கு பையன்கள் பைக்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் நின்றேன். "டேப் வேணும்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் தேவையில்லை. அதை வாய்க்குள்ளேயே ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன். அவர்களில் ஒருவன் திரும்பிப் பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படித்தான். காலைப் பிரேயரில் மைக் முன்னால் நிறுத்தினார்கள்; பேச்சு வரவில்லை; எல்லோரும் சிரித்தார்கள்; மறுநாள் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. அப்பா அடிக்கக் கை ஓங்கியபோது நடுவில் வந்து நின்றது முனீஸ் அக்காதான். "விடுங்கப்பா, அவளுக்குத் தோணுறப்பப் போவா" என்றாள். எனக்கு இன்னும் தோன்றவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை.

மத்தியானம், கண்மாயில் ஆடுகள் மட்டும் மேய்ந்துகொண்டிருந்த நேரத்தில், அம்மாவின் நீலச் சேலையோடு போனேன். ஒரு முனையில் கல்லை வைத்து, இழுத்து, மறுமுனையில் குச்சி நட்டு, மடையில் இருந்து கரையோரமாகச் சுற்றி வந்தேன். அறுபத்து நாலரைச் சேலை. வெயிலில் தலை சுற்றியது. ஒரு ஆடு சேலை முந்தியைக் கடித்து இழுத்தது. கோலப்பொடியால் கோடு போட்டு, முடியும் இடத்தில் இரண்டு செங்கல் வைத்தேன். சாயங்காலம் அக்கா வந்து, "டேப் குடுத்தானா?" என்று கேட்டாள். "ம்" என்றேன். நான் சொன்ன பொய் அவ்வளவுதான். ஒரே எழுத்து.

முதல் ஓட்டத்திலேயே இரண்டு நிமிடம் பதினேழு நொடி. நேரம் பார்த்த என் கையில் இருந்து செல்போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அக்கா மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். அப்பா தன் ஷேர் ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். அம்மா போனில் சொன்னபோது மலையாண்டி மாமா, "அப்ப எம்மகந்தான் சோறாக்கி வச்சுக் காத்திருக்கணுமாக்கும்" என்று சிரித்தாராம். தை மாதப் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போனது. வீட்டில் எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டோம், நன்றாகத் தூங்கினோம்.

இப்போது டைல்ஸ்மேல் உட்கார்ந்து, யாரும் பார்க்காத என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு சேலைக்கு எண்பது சென்டிமீட்டர் குறைவு. அறுபத்து நாலரைக்கு ஐம்பத்தோரு மீட்டர் அறுபது. அக்கா ஓடிக்கொண்டிருந்தது நானூறு இல்லை, முந்நூற்று நாற்பத்தெட்டு. மீதியை ஓட இன்னும் இருபது நொடி ஆகும். அக்கா போன வருடம் எங்கே நின்றாளோ அங்கேயேதான் நிற்கிறாள். தேர்வு சனிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை தூறலிலேயே ஓடினாள். இரண்டு பதிமூன்று. ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, ஓட்டம் கைக்குள் வந்துவிட்டது, இனி சனிக்கிழமைவரை குண்டு எறிவதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன், காலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்றாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "அக்கா" என்றேன். "என்னடி?" என்று திரும்பிய முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "ஷூ ஈரமாயிருச்சு" என்றேன். சொன்னால் உடைந்துபோவாள், சொல்லாவிட்டால் தோற்றுப்போவாள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மறுபடி என் கன்னத்தைக் கிள்ளமாட்டாளே என்ற பயம்தான் மீதிப் பாதி.

புதன்கிழமை காற்று பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுத் தகரக் கூரை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் தெருமுனை வேப்பமரத்தின் கிளை முறிந்து அப்பாவின் ஆட்டோமேல் விழுந்தது. அப்பா உள்ளே இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார். ஆட்டோவின் கூரைத் துணி கிழிந்து, முன் கண்ணாடி நொறுங்கியது. கரண்ட் போனது. அக்கா வீட்டுக்குள்ளேயே சாக்கு மடித்துப் போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியை எறிந்து பழகினாள். ஒவ்வொரு எறிக்கும் அம்மா அடுப்படியில் இருந்து குரல் கொடுத்தாள்.

"டைல்ஸ் ஒடஞ்சா ஹவுஸ் ஓனரம்மாவுக்கு யாருடி பதில் சொல்றது?"

"நான் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிப் பேசிக்கிறேம்மா."

நனைந்த லுங்கியோடு உட்கார்ந்திருந்த அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். குழவி எந்த டைல்ஸ்மேல் விழுகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. மழையினால் தேர்வு அடுத்த புதன்கிழமைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அக்காவுக்கு எரிச்சல், இருக்கிற வேகத்தில் ஓடி முடித்திருப்பேன் என்றாள். மழை விட்டதும் தெருவே கண்மாய் பார்க்கப் போனது. நாங்களும் போனோம். கரை விளிம்புவரை செந்தண்ணீர் நின்றது. கோடு, செங்கல், குச்சி எதுவும் இல்லை. மடைக்கு மேலே சுழித்துக்கொண்டு ஓடியது. இதை எழுதக் கை கூசுகிறது: எனக்கு அந்த நிமிடம் நிம்மதியாக இருந்தது. இனி யாராலும் அளந்து பார்க்க முடியாது. அக்கா தோற்றாலும் ஏன் தோற்றாள் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. அக்காவின் கை என் தோள்மேல் இருக்கும்போதே இப்படி நினைத்தேன்.

கரையில் பேயாண்டி நின்றிருந்தான். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடா, ஒன் டேப்ப வச்சு அளந்த கிரவுண்டு முங்கிப் போச்சு."

"எந்த டேப்புக்கா?"

"அன்னைக்கு ரோகிணி வந்து வாங்கிட்டுப் போனாள்ல."

"ரோகிணியா? அது எங்க வீட்டுப் பக்கமே வராதேக்கா."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அப்ப வேற யார்கிட்டயோ வாங்கிருப்பா" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வேறு பேச்சு பேசினாள். என் தோளில் இருந்த கையை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

நானாகச் சொல்லவில்லை. நோட்டில் இந்த இடத்தை எழுதும்போதெல்லாம் நானாகச் சொன்னதாக எழுதிவிடலாமா என்று தோன்றுகிறது. வீட்டு மாடியில், தேங்கிய தண்ணீரை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டே, அக்கா கேட்டாள். நான் சேலையைச் சொன்னேன், டைல்ஸைச் சொன்னேன், ஐம்பத்தோரு மீட்டரைச் சொன்னேன். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டாள். திங்கட்கிழமையில் இருந்து என்றேன். விளக்குமாறு நின்றது.

"ஆறு செகண்டுக்கு நான் எம்புட்டு அழுதேன்னு பாத்தவதானடி நீ?"

அக்கா மறுபடி தண்ணீரைத் தள்ள ஆரம்பித்தாள்.

"கேக்க வெக்கமா இருந்துச்சுன்னு சொல்லிருந்தா நானே போயி வாங்கிட்டு வந்திருப்பேன். நான் என்னைக்காச்சும் உன்னைத் திட்டிருக்கேனா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தண்ணீரைத் தள்ளி முடித்துவிட்டுக் கீழே போய்விட்டாள். அன்று எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தாள், சோறு போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவளே போய்ப் பேயாண்டியிடம் டேப் வாங்கி வந்தாள். ஊருக்கு வெளியே மேட்டில் பிளாட் போட்டிருக்கிறார்கள். வீடு எதுவும் வரவில்லை, தார் ரோடு மட்டும் இருக்கிறது. ஆட்டோ ஓடாததால் வீட்டில் இருந்த அப்பாவை டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வரச்சொன்னாள். அப்பா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"நான் எதுக்குத்தா? ரோகிணிதான் கணக்குல கெட்டிக்காரி, அவளக் கூட்டிப் போகலாம்ல?"

"அவளுக்குக் காய்ச்சப்பா."

அப்பா பக்கத்தில் வந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "சுடலையே" என்றார். அக்கா அதற்குள் வாசலில் இறங்கிவிட்டாள். கண்மாய் முங்கியதால்தான் புதிதாக அளக்கிறோம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவள் சொன்ன இரண்டு பொய்களும் என் நெற்றிமேல் இருப்பதுபோல இருந்தது.

கொஞ்ச தூரம் விட்டு, குடையோடு பின்னால் போனேன். யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. அப்பாவும் அக்காவும் குனிந்து குனிந்து ரோட்டை அளந்தார்கள். முப்பது மீட்டருக்கு ஒரு கோடு. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினோராவது கோட்டைத் தாண்டிப் பதினெட்டு மீட்டரில், பிளாட் நம்பர் எழுதிய ஒரு கல் இருந்தது. கண்மாயில் என் செங்கல் இருந்த தூரம் அதுதான். அந்தக் கல்லுக்கு எதிரே போய் நின்றுகொண்டேன். அங்கிருந்து ரோடு பள்ளத்தில் இறங்கியது. நேற்றைய மழை கணுக்கால் அளவுக்குத் தேங்கி நின்றது. பள்ளத்தைத் தாண்டி, நானூறாவது மீட்டரில், அப்பா செல்போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தூறல் மறுபடி ஆரம்பித்தது. அக்கா கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஓட ஆரம்பித்தாள். முதல் திருப்பத்தில் சின்னதாகத் தெரிந்தாள், இரண்டாவது திருப்பத்தில் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. கண்மாயில் ஓடிய அதே ஓட்டம், அதே மூச்சு. என்னை நோக்கி வந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் கால்கள் தாமாகவே தளர்ந்தன. இரண்டு மாதமாக அந்தத் தூரத்தில் நின்று பழகிய உடம்பு. ஓட்டம் முடிந்ததும் எப்போதும் செய்வதுபோல இரண்டு கைகளும் இடுப்புக்குப் போயின, தலை கவிழ்ந்தது.

குடையை எப்போது கீழே போட்டேன் என்று தெரியவில்லை. "இன்னும் இருக்குக்கா" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். அக்கா திரும்பவில்லை. ஆனால் இடுப்பில் இருந்த கைகள் விடுபட்டன. தேங்கிய தண்ணீருக்குள் கால் வைத்தாள். பழுப்புத் தண்ணீர் முழங்காலுக்கு மேலே தெறித்தது, அடுத்த கால் வைத்தாள், மறுபடி தெறித்தது, அவளுக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்ச நேரம் இரண்டாகப் பிரிந்து கிடந்து மெதுவாக மூடிக்கொண்டிருந்தது.