பதினொரு மணிக்குள் ஓட வேண்டிய பட்டியல்

டிப்போவில் அவளை எல்லோரும் டைமு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பேருந்தை எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு எடுப்பது என்று பட்டியல் போடுவது அவள் வேலை. கடைசி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவனே மறுநாள் முதல் வண்டியையும் எடுப்பான். பழைய பட்டியல் அப்படி. அதை ஒழித்துக்கட்டுவதாக நாற்பது ஓட்டுநர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று மாதம் பைத்தான் என்ற கணினி மொழியோடு மல்லுக்கட்டி, அதை எழுதி ஓட்டும் நோட்புக் என்ற திரையில் கட்டம் கட்டமாக ஓட்டிப் பார்த்து, புதுப் பட்டியலைத் தயார் செய்தும் விட்டாள். பதினொரு மணிக்கு மேலாளர் வருவார். ஓடினால் கையெழுத்து. ஓடாவிட்டால் பழையதே இன்னும் ஆறு மாதம்.

மணி பத்தேகால். கணினியை நேற்றுதான் மாற்றியிருந்தார்கள். ஓட்டுநர் விவரங்கள் ஒழுங்காக ஏறின. அடுத்த கட்டம் சிவப்பாகக் கத்தியது: பட்டியலைப் பொருத்தித் தரும் லைப்ரரி, அந்தத் துணை நிரல், இல்லையாம்.

கணினிக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, லைப்ரரியை ஏற்றும் இன்ஸ்டால் கட்டளையைத் தட்டினாள். போட்டாயிற்று என்றது. நோட்புக்குக்கு வந்தாள். இல்லை என்றது. மறுபடி தட்டினாள். ஏற்கெனவே இருக்கிறதே என்றது கறுப்புத் திரை. இல்லவே இல்லை என்றது நோட்புக். சம்பந்திச் சண்டை மாதிரி ஆறு முறை இதே பாட்டு.

கையெல்லாம் கிரீஸோடு மெக்கானிக் எட்டிப் பார்த்தான். அவளுடைய அத்தை மகன். ஸ்பேனர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

"என்ன டைமு, மூஞ்சி பஞ்சரான டயர் மாதிரி இருக்கு?"

"வாடா, நீ ஒருத்தன்தான் பாக்கி. லைப்ரரிய ஆறு தடவ போட்டுட்டேன். இல்லேங்குது."

"போட்டாச்சுன்னு யாரு சொல்றது?"

"இந்தக் கறுப்புத் திரை."

"இல்லேங்குறது?"

"நோட்புக்."

"போன மாசம் எனக்கு வந்த பிரேக் ஷூ கதைதான். பாடி ஷாப் ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சுட்டானுங்க. நான் இன்ஜின் ஷாப் ஸ்டோர்ல மூணு நாள் தேடுறேன். நீ எந்த ஸ்டோர்ல இறக்குன?"

அவன் கிண்டலுக்குத்தான் சொன்னான். அவள் கை அப்படியே நின்றது.

"அட நாசமாப் போறவனே!" என்று சிரித்தாள்.

நீ எந்த பைத்தானில் ஓடுகிறாய் என்று நோட்புக்கிடம் இரண்டு வரியில் கேட்டாள். கறுப்புத் திரையிடமும் அதையே கேட்டாள். இரண்டு முகவரி வந்தது. கணினியோடு வந்த பைத்தான் ஒன்று, நோட்புக்கோடு வந்தது இன்னொன்று. ஆறு முறையும் சரக்கை இறக்கியது முதல் வீட்டில்.

இந்த முறை நோட்புக்கின் கட்டத்துக்குள்ளேயே, முன்னால் ஒரு சதவீதக் குறி போட்டு, இன்ஸ்டால் கட்டளையை எழுதினாள். வரிகள் மளமளவென்று இறங்கின. ஓட்டினாள். லைப்ரரி கிடைத்துவிட்டது, ஆனால் அதற்குத் துணையான இன்னொன்றின் பழைய பதிப்பு நினைவில் உட்கார்ந்துகொண்டு அடம்பிடித்தது. நோட்புக்குக்குள் ஓடும் இன்ஜினான கெர்னலை அணைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். அணைத்தால் ஏற்றி வைத்த விவரமெல்லாம் போகும். திரும்ப ஏற்ற எட்டு நிமிஷம். மணி பத்து ஐம்பது.

"அணைச்சுட்டுப் போடேன்," என்றான் ஸ்பேனர்.

"நம்ம டிப்போவுல ஓடுற வண்டிய எவனாச்சும் அணைப்பானா? இருக்குற பேட்டரிக்குத் திரும்ப எடுக்குமா?"

"எடுக்கலேன்னா நான் இறங்கித் தள்ளுறேன், போ."

அணைத்தாள். மேலாளர் உள்ளே வந்தபோது கடைசி விவரம் ஏறிக்கொண்டிருந்தது. எல்லாக் கட்டத்தையும் ஒரே மூச்சில் ஓட்டினாள். ஓர் இடத்தில்கூடச் சிவப்பு இல்லை. நாற்பது பெயர்களும் திரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

மேலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"ராத்திரி வண்டி விடுறவன் காலையில எங்கயாச்சும் வர்றானா?"

"ஒருத்தர்கூட இல்ல சார்."

கையெழுத்துப் போட்டார். ஸ்பேனர் அதற்குள் ஓட்டுநர்களிடம் சேதி சொல்ல யார்டுக்கு ஓடிவிட்டான். வெளியே நின்ற பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரனை அலறவிட்டன. மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார், ஆனால் திட்டவில்லை.

இரவுக் கடைசி வண்டிக்காரர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"அப்போ நாளைக்கு நான் எத்தன மணிக்கு வரணும்மா?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க அண்ணே."

"ரெண்டா? அதுவரைக்கும் என்ன பண்றது?"

"தூங்குங்க!"

"எம் பொண்டாட்டி விடமாட்டாளே," என்றார், வாயெல்லாம் பல்லாக.