மொன்னை மூக்குக் கத்தி

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ராயபுரத்துக்காரர் ஒருவர் மடக்குக் கத்தி வாங்கப் போகிறார், அதுதான் கதை என்று ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். "யாரைக் குத்துகிறார்?" என்று கேட்டார். யாரையும் இல்லை, கயிறு அறுக்கிறார் என்றேன். "அப்புறம் எதற்கு ராயபுரம்?" என்றார்.

2

அறுபத்தெட்டாம் வருடம், மழை பிடித்த ஓர் இரவு, இருண்ட சந்தில் இக்னேஷியஸின் இடுப்பில் ஒரு கத்தி பளபள—

வேண்டாம். இதைத்தான் அந்த ஆசிரியர் கேட்டார்.

பட்டப்பகல். யானைக்கவுனியில் ஜஹாங்கீர் பாயின் இரும்புக் கடை. ராயபுரத்து இக்னேஷியஸ் துறைமுகத்தில் சரக்குக் கட்டுகளைப் பிரிக்கிறவர். கூட மனைவி எல்சி. பாய் இரண்டு கத்திகளை விரித்து வைத்தார். ஒன்று கூர்நுனி. மற்றதற்கு நுனியே இல்லை. முதுகு வளைந்து இறங்கி, வெட்டும் வாயோடு சேர்ந்து மழுங்கலாக முடிந்தது.

"கூரு இல்லாம கயித்து முடிச்ச இன்னாத்தால நெம்பறது?" என்றார் இக்னேஷியஸ். "ஈரக் கயிறு எல்சி. இறுகிக்கும்."

"பல்லால நெம்பு. போன மாசம் கூரு வச்ச கத்திதான வச்சினுகீந்த? லாக்கப்புல போட்டு மெதிச்சானுங்க. இன்னொரு வாட்டி என்னால ஆவாது."

(யாரும் புகார் கொடுக்கவில்லை. வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.)

"மொன்னை மூக்கே எடுத்துக்கோ நைனா," என்றார் பாய். "சாக்கு கிழியாது. கை வழுக்கினாலும் வவுத்துல ஏறாது. பாக்கறவனுக்கும் தொழில் கத்தின்னு தெரியும்."

அதையே வாங்கினார்கள்.

3

(இங்கே ஒரு பத்தி இருந்தது. இக்னேஷியஸ் ரொம்பச் சாதுவாகத் தெரிகிறாரே, குடிப்பார் என்று வைக்கலாமா, சீட்டாடுவார் என்று வைக்கலாமா என்று எழுதிப் பார்த்தேன். பாதியில்தான் உறைத்தது: அவரை மிதித்ததற்கு அவரிடமே காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன். கிழித்துப் போட்டேன்.)

4

ஈர முடிச்சுகளில் அவர் நகம் பெயர்ந்தது. கூர்நுனியாக இருந்தால் ஒரு நெம்பு போதும். பொறுத்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் பாலத்தருகே ஒரு போலீஸ்காரர் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவினார்.

"கூரு இல்ல சார். கயிறு அறுக்கறது. நீங்களே பாருங்க."

"கத்தி கத்திதான். எந்த ஏரியா நீ?"

சொன்னார்.

"ஏறு வண்டில."

கத்தியின் வடிவத்தைப் பற்றி இத்தனை நேரம் எழுதினேனே. அதைக் கடைசிவரை விரித்துப் பார்க்கக்கூட இல்லை அந்த மனிதர்.

5

ஞாயிறு காலை எல்சி மாதாகோயில் பூசைக்குப் போகவில்லை, ஸ்டேஷனுக்குப் போனாள். உள்ளே அதிகாரி ஒரு பார்சலின் சணல் கயிற்றை அறுத்துக்கொண்டிருந்தார். கையில் இக்னேஷியஸின் கத்தி.

"நல்லா அறுக்குதா சார்?"

அவர் நிமிர்ந்தார். "யாரும்மா நீ?"

"அது எங்க கத்தி. கயிறு அறுக்கத்தான் வாங்கனோம். நீங்க அறுத்தா அது வேல. என் வூட்டுக்காரு வச்சினுகீந்தா மட்டும் கேசா?"

ஒரு போலீஸ்காரர் அவளை நோக்கி வந்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். கம்பிக்குள்ளிருந்து இக்னேஷியஸ், "எல்சி, வூட்டுக்குப் போ," என்றார். அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதிகாரி வெட்கப்பட்டு அவரை விட்டுவிட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். பொய். அவளையும் உள்ளே தள்ளினார் என்று இன்னொன்று யோசித்தேன். அதை எழுத என் கை மறுத்தது.

அவள் இன்னும் பெஞ்சில்தான் இருக்கிறாள். அதிகாரியின் நாற்காலியைக் காலி செய்துவிட்டேன். நீங்கள் வந்து உட்காருங்கள். கேசா என்று அவள் உங்களைத்தான் கேட்கிறாள்.