எட்டரை மில்லி நார்

காலையிலிருந்து அறுவை மேசையில் மூன்று பேரின் கால்களைத் தாங்கிப் பிடித்ததில் டாக்டர் உம்மு சல்மாவுக்கு வலது தோள் இற்றுப்போயிருந்தது. மரத்துப்போன கால் பிணக் கனம் கனக்கும். எலும்பு வைத்தியம் படிக்கிறவர்களுக்கு முதலில் அதுதான் வேலை. காலைப் பிடிப்பது, வாயை மூடிக்கொண்டு நிற்பது. புதுப்பட்டினத்தில் மீன் லாரிக்கு ஐஸ் பாளம் தூக்கிய அத்தாவின் தோள் தனக்கும் வாய்த்திருக்கிறது, தாங்கும் என்று நினைத்திருந்தாள். தாங்கவில்லை.

செங்கல்பட்டில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில், விளையாட்டுக் காயங்களுக்கான அறுவை சிகிச்சையில் அவளுக்கு இரண்டு வருடப் பயிற்சி. முடிய இரண்டு மாதம் இருந்தது. பெரிய டாக்டர் பிரவின்குமார் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ்.

பிசியோதெரபி அறையில் பாப்பா ஒற்றைக் காலில் தாண்டிக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு. மாமல்லபுரத்தில் சர்ஃபிங் சொல்லிக்கொடுப்பவள். எட்டு மாதத்துக்கு முன் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, தொடைப் பின்புறத்து நாரை எடுத்து இங்கேதான் புது ஜவ்வு வைத்தார்கள்.

பிசியோ ஷபானா டேப்பை வைத்து அளந்தாள். "எடது நூத்தியஞ்சு, வலது நூறு. தொண்ணூத்தஞ்சு பர்சென்ட் மேடம். தண்ணில எறங்கலாம்."

"அடுத்த மாசம் போட்டி கீதுக்கா," என்றாள் பாப்பா. "ஜெயிச்சா சர்ஃப் ஸ்கூல்ல மாசச் சம்பளத்துக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிகிறாங்கோ."

சல்மா பழைய தாளைப் புரட்டினாள். அறுவைக்கு முன் இதே இடது கால் நூற்று முப்பத்தெட்டு சென்டிமீட்டர் தாண்டியிருந்தது. நல்ல காலை வைத்துத்தான் அறுவை செய்த காலை அளப்பார்கள். பாப்பாவுக்கு நல்ல காலிலும் கத்தி வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து இளைத்தால் அளவு சமமாகத்தான் வரும். இந்தக் காலோடு அலையில் ஏறினால் ஜவ்வு மறுபடி கிழியும்.

"வேணாம் பாப்பா. இன்னும் மூணு மாசம் போவட்டும்."

"இன்னாக்கா, வெளாட்றியா? படூர்லருந்து வர்ற ஐடி பசங்க தொப்பைய வெச்சிகினு போர்டு மேல நிக்கறானுங்கோ. நான் கரைல குந்திகினு பாக்கணுமா?"

"எடது காலும் வீக்கா இருக்கு. அதுலயும் நார் எடுத்திருக்கோம் இல்ல?"

பாப்பா இடது முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைத் தேய்த்தாள். "ஆமா. என் நாரு மெல்லிசு, பத்தலன்னு பெரிய டாக்டர் சொன்னாரே. எங்கம்மா என்னை வயித்துல வெச்சிகினு மீன் கூடை தூக்கிச்சி. கஞ்சித்தண்ணி குட்ச்சி வளந்த ஒடம்பு வேற எப்பிடி இருக்கும்?"

அறுவை அன்று வலது காலிலிருந்து எடுத்த நாரைச் சுத்தம் செய்து, தையல் போட்டு, அளந்தது சல்மா. திரும்பும்போது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த பாப்பா திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னா வுழுந்துச்சி?" என்று கேட்டாள். "கத்திரிக்கோல்மா," என்றார் பிரவின்குமார். பிறகு இடது காலிலும் கத்தி வைத்து நார் எடுத்தார். வெளியே பாப்பாவின் அம்மாவிடம் நார் மெல்லிசு என்றார். சல்மாவிடம், "நீ வாயத் திறக்காத," என்றார். அவளும் திறக்கவில்லை.

ஷபானாவை வெளியே போகச் சொல்லலாம். சொல்லவில்லை.

"ஒன் நாரு மெல்லிசு இல்ல பாப்பா. எட்டரை மில்லிமீட்டர் தடிப்பு. நான் இங்க வந்து அளந்ததுலயே அதுதான் நல்ல நாரு. அன்னிக்கி கத்திரிக்கோல் வுழல. நாருதான் வுழுந்துச்சு, என் கைலருந்து. தரைல பட்டத உள்ள வெச்சா சீழ் புடிக்கும்னுதான் இந்தக் கால்லயும் கத்தி வெச்சோம்."

ஷபானா டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினாள்.

பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "எட்டு மாசமா வந்துகினு கீறேன். எங்கூட குந்திகினு டீ குட்ச்ச."

"ஆமா."

"ஒடம்பு தேறணும்னு தெனம் நாலு முட்ட முழுங்கினேன். கோழியப் பாத்தாலே பேஜாரா கீது."

சல்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் அடக்கினாள். பாப்பா சிரிக்கவில்லை.

"எட்டரைன்னா பெருசா?"

"பெரிய பெரிய ஆம்பளைங்களுக்கே சில பேருக்கு ஏழுதான் வரும்."

பாப்பா குனிந்து தன் தொடையைப் பார்த்தாள். உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக வைத்து அழுத்தினாள்.

"டீ குட்ச்சப்ப சொன்னியே சர்டிபிகேட்டு, நீ பேசினது தெரிஞ்சா பெரிய டாக்டர் அதுல கையெழுத்து போடுவாரா?"

"போடாமலும் போவலாம். சாயந்திரம் நானே போய்ச் சொல்லிடறேன்."

"மொதல்ல எங்கம்மாகிட்ட வந்து சொல்லு. கூடை தூக்கினதாலதான் புள்ளைக்கு இப்பிடின்னு தன்னையே திட்டிகினு கீது."

"ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வரேன்."

சல்மா அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, எதிரே தரையில் அமர்ந்து, இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தோள் வலித்தது. இந்தக் காலுக்கு முதல் பயிற்சியிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும். பாப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"போட்டி போச்சி. வேலையும் போச்சி. அத்த வுடு," என்றாள். "நல்லா இருந்த கால்ல கைய வெச்சீங்களேக்கா. அதுக்கு இன்னா சொல்ற?"

"ஒன் எடது கால்லருந்து ஒரு நாரு," என்றாள் சல்மா. "அது நான் ஒனக்குத் தரவேண்டிய கடன்."