குடம் தூக்கும் பயிற்சி

வேலை பார்த்த காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் இதயம் வரைந்து பாகம் குறித்துக் காட்டியவள் நான். அப்படிப்பட்ட எனக்கே மாரடைப்பு வந்தபோது அது மாரடைப்பு என்று தெரியவில்லை. தாடை வலித்தது, முதுகு இழுத்தது, வியர்த்துக் கொட்டியது. எங்கள் திண்டுக்கல்லில் நெஞ்சுக்குள் என்ன நடந்தாலும் அதற்கு வாய்வு என்றுதான் பெயர். நானும் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் எனக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரம்மா, "நீங்க சயின்ஸ் டீச்சராமே?" என்று கேட்டார். தையல் டீச்சர் என்று சொல்லிவிடலாமா என்று இருந்தது.

மகள் லிடியா ஓசூரிலிருந்து வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டாள். கிளம்பும்போது ஒரு நிபந்தனை வைத்தாள். எங்கள் தெருவில் குடிதண்ணீர் சில நாளுக்கு ஒருமுறைதான் வரும், அதுவும் தெருக்குழாயில். என் வீடோ மாடியில். கீழ்வீடு வெங்காயக் குடோன், பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

"ஒரு குடம் தண்ணிய நீயே மேல கொண்டுவர முடியணும்மா. கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். முடியலைன்னா வீட்டைப் பூட்டிட்டு எங்கூட வந்துரணும்" என்றாள்.

லிடியா நல்ல பிள்ளைதான். ஆனாலும் மகள் வீட்டில் காபி போட அடுப்பைப் பற்றவைப்பதற்கே நான் யோசிக்க வேண்டும். என் கணவர் அருள்நாதன் கட்டிய இந்த வீட்டில், அவர் போன பிறகும் நான் யாரிடமும் கேட்காமல் ஜன்னலைத் திறக்கிறேன், கேட்காமல் மூடுகிறேன். அதை விட எனக்கு மனமில்லை.

டாக்டரம்மாவிடம் நிபந்தனையைச் சொன்னேன். "நல்லதுதானே. நடந்தா மட்டும் பத்தாது, தசைக்கும் வேலை குடுக்கணும். வயசான பொம்பளைங்க அதைத்தான் விட்டுடறீங்க" என்று உடற்பயிற்சி சொல்லித்தரும் பிராங்கிளினிடம் அனுப்பினார். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார் பிராங்கிளின். சிரிப்பாக இருந்தது. எழுந்து பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. பிறகு ரப்பர் பட்டை, பிறகு சின்ன டம்பெல். எப்போதும் ஒரே பாட்டுத்தான். "மூச்சை அடக்காதீங்க டீச்சர். தூக்கும்போது பேச்சு வரணும். வரலைன்னா கீழ வச்சிரணும்."

ஆஸ்பத்திரியில் பேச பிராங்கிளின் இருந்தார். வீட்டில் யாரிடம் பேசுவது? அருள்நாதன் படத்தின் முன்னால் நின்று, மணல் நிரப்பிய பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, பருப்பு விலை ஏறியதைச் சொன்னேன். அவர் உயிரோடு இருந்தபோதே இதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டார்.

இந்த விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டுப் பொன்னழகு வாயில் கைவைத்துக்கொண்டாள். "நெஞ்சுல கம்பி வச்ச ஆளு வெயிட்டு தூக்குறதா? அந்த டாக்டருக்கு என்ன கிறுக்கா? நீங்க கொழாப் பக்கமே வரப்புடாது டீச்சர். எம் மருமக கொண்டாந்து வச்சிருவா."

அன்றிலிருந்து தண்ணீர் வரும் நாளெல்லாம் மருமகள் சுகன்யா என் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள். சேவுகம்பட்டிப் பெண். புருஷன் சிவபிரகாஷுக்குத் திருப்பூரில் வேலை, பண்டிகைக்குத்தான் வருவான். குடத்தை இறக்கிவிட்டுச் செத்த நேரம் நிற்பாள். காபி கொடுத்தால் உட்காருவாள். அம்மா வீட்டு மாடு ஈன்றது, தம்பி வத்தலக்குண்டில் செல்போன் கடையில் சேர்ந்தது என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். நான் பாதி கேட்பேன், மீதி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தண்ணீர் வரும் நாளில் நான் காலையிலேயே தலைவாரி நல்ல சேலையாகக் கட்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அசட்டுத்தனம்தான். அந்த வீட்டில் வேறு யாருக்காகத் தலைவாருவது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கிய சமயத்தில் டாக்டரம்மா என்னைச் சோதித்துப் பார்த்துவிட்டு, மெதுவாகத் தூக்கலாம் என்று தலையாட்டினார். முதலில் அரைக் குடம், பிறகு முக்கால். கிறிஸ்துமஸுக்கு லிடியா வந்திருந்த நாளில் தண்ணீர் வந்தது. முழுக்குடத்தை இடுப்பில் ஏற்றி, வாய் ஓயாமல் மாதாவை அழைத்துக்கொண்டே படியேறினேன். குழாயடி முழுக்க நின்று பார்த்தது. லிடியா என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள், பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். "இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாதும்மா."

உண்மைதான். யாரும் அசைக்க வரவில்லை. தினமும் மாத்திரை போட்டாயா என்று கேட்ட லிடியா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினாள். "நீதான் தேறிட்டியேம்மா." பிராங்கிளினும் இனி வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். சுகன்யா மாடிக்கு வருவது நின்றுபோனது. தண்ணீர் வரும் நாளில் நானே தூக்கிவந்து, நானே இறக்கிவைத்து, காபியும் ஒரு டம்ளர்தான் போட்டேன். வீட்டுக்காக அவ்வளவு பாடுபட்டேன். வீடு கிடைத்தது, வேறொன்றும் கிடைக்கவில்லை. சில நாள் சாயங்காலம் வரை என் குரலே எனக்குக் கேட்காது. பாட்டிலைத் தூக்கினால்தான் கேட்கும்.

மானத்தை விட்டு இரண்டொரு தடவை சுகன்யாவைக் கூப்பிட்டும் பார்த்தேன். "வாரேன் டீச்சர்" என்றாள், வரவில்லை. சுமை குறைந்தது என்று நிம்மதியாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கோபமாக வந்தது.

மாசி மாதம் ஒரு நாள் குழாயடியில் நாங்கள் இருவர் மட்டும் முதலில் போய் நின்றோம். "காபிக்குக் கூப்பிட்டா வரமாட்ட. டீச்சர் தேவையில்லாம போயிட்டேன், என்ன?" என்று குத்தலாகக் கேட்டுவிட்டேன்.

சுகன்யா தன் வீட்டு வாசலை ஒரு பார்வை பார்த்தாள். "சும்மா ஒருத்தர் வீட்டுல போயி உக்காந்தா அத்தை ஏசும் டீச்சர். தண்ணி குடுக்கப் போறேன்னாத்தான் விடும். இந்தத் தெருவுல எனக்குன்னு வேற யாரு இருக்கா?" குடத்து வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க பாட்டுக்குத் தூக்கிட்டீங்க."

அவள் எனக்காக வருகிறாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவளுக்கும் அந்தக் காபி வேண்டியிருந்தது என்று தோன்றவே இல்லை. அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. பொன்னழகும் மற்றவர்களும் குடங்களோடு வந்து சேர்ந்தார்கள்.

என் குடம் நிறைந்தது. குனிந்து கழுத்தைப் பிடித்தேன். கைக்கு நன்றாகத் தெரிந்தது, தூக்க முடியும் என்று. ஒரு மூச்சு ஊதினால் இடுப்புக்கு வந்துவிடும். பொன்னழகு லிடியாவின் போன் நம்பரை வைத்திருக்கிறாள், முடியவில்லை என்றால் உடனே ஓசூருக்குச் சேதி போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டேன்.

"முடியல பொன்னழகு" என்றேன். "சுகன்யாவைச் செத்த அனுப்பு."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல! வேணாம் வேணாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்!" பொன்னழகுக்கு ஒரு பக்கம் பதற்றம், ஒரு பக்கம் சந்தோஷம். "ஏண்டி, நின்னுக்கிட்டு இருக்க? போயி வச்சுக் குடு. டீச்சரைப் படுக்க வச்சுட்டுப் பையவே வா."

சுகன்யா என்னை நிமிர்ந்து பார்த்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு முன்னால் படியேறினாள். நான் வெறுங்கையோடு பின்னால் போனேன்.

பாலைக் காய்ச்சி இரண்டு டம்ளரில் காபி ஊற்றினேன். அவள் டம்ளரை வாங்கிய கையோடு பேச ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனாம், போய்ப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்களாம், யாரிடமும் சொல்லவில்லையாம். சொல்லும்போதே கண் நிறைந்தது. அப்போது மேசைமேல் போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. லிடியாவின் பெயர் தெரிந்தது.

"எடுங்க டீச்சர்" என்றாள் சுகன்யா, பயந்துபோய்.

"அடிக்கட்டும்" என்றேன். "நீ சொல்லு."