கிருமிக்குச் சுத்தத் தண்ணீர்

என் வீட்டுக்காரர் முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கிருமிகளைக் கொன்றவர். அதுதான் உத்தியோகம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிப் பெட்டியில் வேகவைத்து, பொட்டலம் கட்டி, தேதி எழுதி அனுப்ப வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவுக் கைப்பிடிகூட வாரத்தில் இரண்டு முறை குளிக்கும். தெருவில் அவருக்குப் பினாயில் என்று பெயர். தபால்காரர் ஒருமுறை வாய் தவறி என்னிடமே, “பினாயில் சார் இருக்காரா?” என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் நேர் எதிர். வீட்டுக்குப் பின்னால் பசுமைக்குடில் போட்டுத் தக்காளி வளர்ப்பவள். நகக்கண்ணில் மண் இல்லாமல் சாப்பிட உட்கார்ந்த நாள் குறைவு. எங்கள் இருவருக்கும் முடிச்சுப் போட்டவர்கள் நல்ல குறும்புக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

ஒன்றரை வருடமாக என் தக்காளிக்குப் போதாத காலம். பச்சைப்பசேலென்று நின்ற செடி மத்தியானம் தலை தொங்கும். சாயங்காலம் நிமிர்ந்து என்னை ஏமாற்றும். நாலாம் நாள் போய்ச் சேரும். தண்டை நறுக்கி ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பால்போல் ஓர் இழை இறங்கும். அது பாக்டீரியா. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறி, தண்ணீர் போகும் பாதையை அடைத்துவிடுகிறது. அடிக்காத மருந்தில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவனை வாசலில் நின்று திட்டி என்ன பிரயோஜனம்? இரண்டு நடவு முழுசாகப் போயிற்று.

வேறு ஊரில் இருக்கும் எங்கள் மகள் போனில் ஒரே பிடியாக நின்றாள். “போதும்மா. பூட்டிட்டு இங்க வந்துடுங்க. அப்பாவுக்கும் பேத்தியோட இருக்கணும்னு ஆசை. வாயத் திறந்து சொல்ல மாட்டாரு, அவ்வளவுதான்.”

கடைசியாக ஒரு நடவு கேட்டேன். முந்நூற்று அறுபது செடி. காய் பிடிப்பதற்குள் நூற்றுக்கு மேல் விழுந்தால் குடிலைப் பிரித்துவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவது என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் குடில் இல்லாமல் நான் எதற்கு?

மண் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சூடோமோனாஸ் என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். “இதுவும் பாக்டீரியாதான்க்கா. ஆனா நல்லது. நட்டதும் வேர்ல போய் முதல்ல இடம் பிடிச்சுக்கும். நோய்க்கிருமி வர்றப்போ உக்கார இடம் இருக்காது.” பஸ்ஸில் துண்டு போட்டு வைக்கிற மாதிரியா என்று கேட்டேன். “அதேதான். பத்து நாளுக்கு ஒருதரம் தண்ணியில கரைச்சு வேர்ல ஊத்துங்க,” என்றாள்.

வீட்டில் சொன்னபோது அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “காசு குடுத்துக் கிருமி வாங்கிட்டு வந்தியா?”

“நல்ல கிருமிங்க.”

“கிருமியில என்னடி நல்லது?”

ஆனாலும் என் முட்டிவலியை நினைத்து, கரைத்து ஊற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். ஒரு டிரம், ஒரு அளவுக் குடுவை, கையில் உறை, மூக்கில் முகமூடி. ஆபரேஷனுக்குப் போவதுபோல் போவார். அவர் அளவு பிசகாது என்று நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போகப்போக அவருக்கே அந்தக் கிருமிகளின்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. “நம்ம பசங்க வேலைய ஆரம்பிச்சிருப்பானுங்க,” என்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஐந்தாவது வாரம் செடிகள் விழ ஆரம்பித்தன. முதலில் நாலு, பிறகு பதினொன்று, பிறகு வரிசை வரிசையாக. எண்பதைத் தாண்டியதும் வேர்மண்ணை அள்ளிக்கொண்டு ஆய்வகத்துக்கு ஓடினேன். நாலு நாள் கழித்து அந்தப் பெண் கூப்பிட்டாள். “அக்கா, கோவிச்சுக்காதீங்க. நீங்க மருந்தே ஊத்தலியா? மண்ணுல சூடோமோனாஸ் பேருக்குக்கூட இல்லையே.”

மறுநாள் அவர் கரைக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன். டிரம்மை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார். அதிலும் ஒரு கரண்டி பிளீச்சிங்கைக் கலக்கி, கடிகாரத்தைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றார். பிறகு பயபக்தியோடு பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார்.

“என்ன பண்றீங்க!”

“கிணத்துத் தண்ணியில என்ன கண்றாவி இருக்கோ. நல்ல கிருமிங்கற, அதுக்கு அழுக்குத் தண்ணியவா குடுக்கறது?”

ஐந்து வாரமாக என் படையை ஒரு ஆள் விடாமல் டிரம்முக்குள்ளேயே சாகடித்துவிட்டுப் பிணத்தைத்தான் வேருக்கு ஊற்றியிருக்கிறார். சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்குத்தான் நாக்குக்கு எலும்பு கிடையாதே.

“மக வீட்டுக்குப் போகணும்னா நேரா சொல்லியிருக்கலாமே. இப்படிச் செடியக் கொன்னுதான் போகணுமா?”

அவர் கையுறையைக் கழற்றி டிரம்மின் விளிம்பில் போட்டுவிட்டு உள்ளே போனார். சொன்னது தப்பு என்று எனக்கு அப்போதே தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்ல ரோஷம் விடவில்லை.

மறுநாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு நின்றது. வேலை நிற்கவில்லை. விழுந்த செடிகளை வேரும் மண்ணுமாகத் தோண்டிச் சாக்கில் கட்டினார். ஆய்வகத்துப் பெண்ணிடம் அவரே போய்ப் புதுப் பொட்டலம் வாங்கிவந்தார். நின்ற செடிகளாவது பிழைக்குமா என்று கேட்டாராம். “சொல்ல முடியாது சார், தொழுவுரத்தோட சேர்த்து ஊத்திப் பாருங்க,” என்றாளாம். புதிதாக ஒரு டிரம் வந்தது. அதைத் தேய்க்கவேண்டும் என்று அவர் கை துடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அதை முறைத்தார். பிறகு கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றி, தொழுவுரத்தை வெறும் கையால் அள்ளிப் போட்டார்.

கெடு முடிந்த அன்று மகள் கூப்பிட்டாள். காய் பிடித்திருந்தது. கடைசிப் பத்து நாளில் ஒரு செடிகூட விழவில்லை. ஆனால் அதற்கு முன்பே விழுந்தவை நூற்றுப் பன்னிரண்டு.

“எத்தனைம்மா?”

சொன்னேன். “சரிம்மா, விடு. நாங்க வந்து கூட்டிட்டு வர்றோம்,” என்றாள் இதமாக. பிள்ளை நல்லதற்குத்தான் சொல்கிறது. நான் தலையைக்கூட ஆட்டிவிட்டேன், போனில் தெரியாது என்பதை மறந்து.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

“அந்த நூத்திப் பன்னெண்டு உங்கம்மா கணக்கில்ல. நான் கொன்னது. பிளீச்சிங் போட்டு. அவ தோக்கல. நாங்க வரல.”

மகள் ஏதோ கேட்டிருக்க வேண்டும். “ஆசைதான்மா. தினம் உங்க ஞாபகந்தான். அதுக்காக உங்கம்மா உசுர இங்க விட்டுட்டு வர முடியுமா?” என்றார். பிறகு பேத்தி வந்திருப்பாள் போலிருக்கிறது, குரல் குழைந்தது. “தாத்தா இப்ப வர முடியாதுடா கண்ணு. இங்க வேலை இருக்கு” என்றவர், போனை என்னிடமே நீட்டிவிட்டுக் குடிலுக்குப் போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். டிரம்முக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு நான் சொன்னது பெரிய தப்புங்க,” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த வாக்கியத்தை நான் சொன்னதே இல்லை; எனக்கே கேட்கப் புதிதாக இருந்தது. “நீங்க போய்ப் பேத்தியோட ஒரு மாசம் இருந்துட்டு வாங்க. நான் கரைச்சு ஊத்திக்கறேன்.”

“உனக்கு அளவு தெரியாது. கண்ண மூடிட்டுக் கொட்டுவ.”

“அப்ப எப்பதான் போறதாம்?”

அவர் குச்சியால் டிரம்மைக் கலக்கினார். முழங்கைவரை சேறு.

“ரெண்டு பேரும் சேந்து போலாம். பறிப்பு முடியட்டும்.”

பறிப்பு என்ற சொல்லை ஒன்றரை வருடமாக எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. நான் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் அந்தச் சேற்றுக் கையாலேயே என் கண்ணைத் துடைத்துவிட்டார்.