ஆட்டு மந்தைக்கு மேலே நின்ற நட்சத்திரம்

வழக்கறிஞரைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் புறப்பட்ட அன்று கிளெமென்ற்றின் பையில் ஒரு நூற்கட்டையும் இரண்டு தகரத் துண்டுகளும் மட்டுமே இருந்தன. அலாரம் மணிக்கூடு மனைவி பேர்ணடெற்றின் கைப்பையில், முடுக்கப்படாமல், சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பற்றரியும் டோர்ச் பல்பும் கம்பியும் வெள்ளவத்தையிலேயே வாங்குவதாக ஏற்பாடு. கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே போவதற்குள் மூன்று சோதனைச் சாவடிகள். எந்தச் சாமானுக்காக வழக்கு நடக்கிறதோ, அதே மாதிரி இன்னொன்றைச் செய்து பஸ்ஸில் கொண்டு வர வேண்டாம், பிரித்துக் கொண்டு வாருங்கள் என்று வழக்கறிஞர் ஐறீன் தங்கையா சொல்லியிருந்தார்.

கிளெமென்ற் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு நத்தாருக்குப் பங்குக் கோவிலில் நடந்த பாலன் குடில் போட்டியில் அவனுக்குத்தான் முதல் பரிசு, ஒரு கோப்பை. குறித்த நேரத்துக்கு அலாரம் அடிக்கும்; நட்சத்திரம் கம்பியில் நகர்ந்து, ஆட்டு மந்தையைத் தாண்டி, தொழுவத்துக்கு மேலே போய் நின்று ஒளிரும். தானாக இயங்கும் குடில்! அடுத்த வருடம் டிசம்பரில் அதைத் திரும்பவும் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தது. கட்டிலுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி டிக் டிக் என்றது. வந்தவர்கள் எல்லோரையும் இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கிளெமென்ற் ரோட்டில் நின்றபடியே விளங்கப்படுத்தத் தொடங்கினான். "நேரத்தை வைச்சு விட்டால் போதும், மிச்சத்தை அது தானாகச் செய்யும்" என்று துறைமுகத்தில் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் பெருமையோடு சொன்னான். அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள்; நேரக் குண்டு என்று வழக்கு.

மூன்று கிழமை றிமாண்ட். பிறகு பிணை. வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணை. தோற்றால் சிறை; துறைமுக வேலையும் போய்விடும்.

ஐறீன் மிஸ் மேசைக்கு அந்தப் பக்கம் எழும்பி நின்றார். "இப்ப நான்தான் அரச தரப்பு. இது தானாக இயங்குமா?"

"ஓம் மிஸ். எப்பிடியென்டால், மணிக்கூட்டுக்குள்ள ரெண்டு சுருள்வில் இருக்கு. ஒண்டு நேரத்துக்கு, மற்றது..."

"ஓம், இல்லை. அவ்வளவுதான்."

"சும்மா ஓம் என்டால் அவருக்கு எப்பிடி விளங்கும்?"

"நீங்கள் பத்து வசனம் சொல்லுவீங்கள். மொழிபெயர்ப்பாளர் அதில ஒண்டை மட்டும் தூக்கி நீதவானிட்டக் குடுப்பார். எது என்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீங்கள் ஒண்டை மட்டும் சொன்னால் அந்த ஒண்டுதான் போகும்."

இது கிளெமென்ற்றுக்கு உடனே பிடிபட்டது. கிரேனுக்கும் அதே சட்டம்தான்: ஒரு தூக்குக்கு ஒரு பெட்டி.

"சரி, இப்ப ஓட்டிக் காட்டுங்கோ."

மேசையின் இரு முனைக்கும் கம்பி கட்டினான். மிஸ்ஸிடம் வாங்கிய மட்டையில் ஒரு நட்சத்திரம் வெட்டிக் கொழுவினான். ஆடுகளுக்குப் பதிலாக மிஸ்ஸின் மூன்று அழிறப்பர்கள். தொழுவத்துக்கு ஒரு சட்டப் புத்தகம். அலாரம் அடித்தது. நட்சத்திரம் ஆடி ஆடி நகர்ந்தது, மூன்றாவது அழிறப்பருக்கு மேலே வந்தது, நின்றது.

"கடல் காத்து மிஸ். நூல் நனைஞ்சிட்டுது."

ஜன்னலைச் சாத்தினார்கள். மூன்றாவது அழிறப்பர்.

"மேசை சரிவு."

மேசைக் காலுக்குக் கடதாசி மடித்து வைத்தார்கள். மூன்றாவது அழிறப்பர்.

ஐறீன் மிஸ் வழக்குக் கோவையைப் புரட்டினார். "உங்கட பங்குக் கோவில் பேர்னாட் ஃபாதர் நற்சாட்சி சொல்ல வாறார். 'நட்சத்திரம் தானாகவே நகர்ந்து தொழுவத்தின் மேல் ஒளிர்ந்தது' என்டு எழுதியும் தந்திருக்கிறார். அண்டைக்கு மட்டும் எப்பிடிப் போனது?"

கிளெமென்ற் குனிந்து மேசைக் காலுக்கு இன்னொரு கடதாசி மடித்தான்.

"நான்தான் இழுத்தனான் மிஸ்" என்றாள் பேர்ணடெற், சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டே. "குடிலுக்குத் திரையாக் கட்டின படங்குக்குப் பின்னால குந்தியிருந்து."

"பேர்ணடெற்!"

"என்ன பேர்ணடெற்? மூண்டு மணித்தியாலம்! கால் மரத்துப் போச்சு. பரிசு வாங்கேக்க என்ர பேரைச் சொன்னீங்களோ?"

ஐறீன் மிஸ் மெல்ல உட்கார்ந்தார். "அரச தரப்பு நிபுணரின் அறிக்கையைக் கேளுங்கோ: 'குறித்த நேரத்தில் மின்சாரம் தானாகப் பாயும்.' வழக்கே இந்த வசனத்திலதான் நிக்குது. கிளெமென்ற், இப்ப விளங்கப்படுத்துங்கோ. பத்து வசனமும் வரட்டும்."

அவன் விளங்கப்படுத்தினான். அலாரம் அடிக்கும்போது மணிக்கூட்டின் முதுகிலுள்ள சாவி, அந்த முடுக்குத் திறப்பு, பின்பக்கமாகச் சுழலும். அதில் மாட்டிய நூற்கட்டை நூலைச் சுருட்டி நட்சத்திரத்தை இழுக்கும். ஆனால் திறப்பு சில சுற்றுத்தான் சுழலும். அதற்குள் வில் தளர்ந்துவிடும். பெரிய கட்டை போட்டால் தூரம் கிடைக்கும், இழுக்கப் பலம் காணாது. சின்னக் கட்டை போட்டால் பலம் இருக்கும், தூரம் காணாது. கம்பியின் முடிவில் இரண்டு தகரத் துண்டுகள் உண்டு. நட்சத்திரம் போய் அவற்றைத் தொட்டால்தான் மின்சாரம் பாயும்.

"தொடாட்டி?"

"பாயாது மிஸ்."

"ஒரு நாளும் தானாகத் தொட்டதில்லை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "வழக்கு நாளில கோட்டில ஃபாதர் இருப்பார் மிஸ். எனக்குப் பிணை நிண்ட பற்றிக்கும் இருப்பான். ரெண்டாம் பரிசு அவனுக்குத்தான் கிடைச்சது."

"றிமாண்டில பற்றிக் இருக்கமாட்டார்" என்றார் ஐறீன் மிஸ்.

செவ்வாய்க்கிழமை புதுக்கடை நீதிமன்றத்தில், முத்திரை உடைத்து, பொலிஸ் பிடித்த அதே குடிலையே ஓட்டிக் காட்டச் சொல்லி மிஸ் கேட்டார். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த மணிக்கூட்டை முடுக்கி, புதுப் பற்றரியும் போட்டார்கள். அலாரம் அடித்தது. நட்சத்திரம் ஒரு நாளும் இல்லாத வேகத்தில் புறப்பட்டது. நூல் நன்றாகக் காய்ந்திருந்தது. முதல் ஆடு, இரண்டாவது ஆடு. இரண்டு நத்தாராக 'போ, போ' என்று மன்றாடிய கிளெமென்ற், இப்போது அதே மாதாவிடம் 'நிக்கச் சொல்லம்மா' என்று கெஞ்சினான். மூன்றாவது ஆட்டையும் தாண்டி ஒரு விரற்கடை. நின்றது. பல்ப் எரியவில்லை.

"இது தானாக இயங்குமா?" என்று கேட்டார் ஐறீன் மிஸ்.

"இல்லை."

ஒரு தூக்கு, ஒரு பெட்டி. மொழிபெயர்ப்பாளர் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கினார்.

நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கே சிரிப்பு வந்தது. "அப்ப எப்பிடிப் பரிசு கிடைச்சது என்டு கேக்கிறார்."

ஃபாதர் முன் வாங்கில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின் வாங்கில் பற்றிக் எழும்பியே நின்றான்.

"என்ர மனிசி இழுத்தவ."

நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. பின்னேரத்துக்குள் விடுதலை.

வெளியே பற்றிக் கையை நீட்டினான். "கோப்பை."

"அது என்ர கோப்பை. இழுத்தது நான்" என்றாள் பேர்ணடெற்.

பற்றிக் கையை மடக்கி யோசித்தான். ஃபாதர் தூரத்தில் நிற்பதை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அது கிடக்கட்டும் மச்சான். அந்த நூற்கட்டை எவ்வளவு பருமன்?"

கொட்டாஞ்சேனை வரைக்கும் பஸ்ஸில் கிளெமென்ற் விளங்கப்படுத்திக்கொண்டே வந்தான். யாரும் அவனை நிறுத்தவில்லை.