தெளிவு வரட்டும்

ஆடிட்டர் சந்திரமௌலிக்கு மொட்டை மாடியில் சோலார் போட வேண்டும் என்று கொள்ளை ஆசை. சும்மா ஆசையா? ரிட்டயர் ஆன நாளாய் மயிலாப்பூரில் யார் அகப்பட்டாலும், "நம்மாத்து ஃபேன் நம்ம வெயில்லயே சுத்தப் போறது" என்று பிடித்துக்கொள்வார்.

மூன்று வருஷத்துக்கு முன்னாடியே சைதாப்பேட்டையிலிருந்து சோலார் போடுகிற உபைத் வந்து அளந்து பார்த்தான். "சூப்பரா வெயில் கீது சார். கையெழுத்து போட்டீங்கன்னா பத்தே நாள்ல முடிச்சிடலாம்" என்றான். பேனா மூடியைத் திறந்த மனுஷர், அன்றைய பேப்பரைப் பார்த்துத் தொலைத்தார். வீட்டு சோலாருக்கு மின்கட்டண முறை மாறலாம் என்று ஒரு செய்தி. பேனாவை மூடிவிட்டார்.

"தெளிவு வரட்டும்பா."

நாற்பது வருஷமாகக் கிளையண்டுகளுக்கு அவர் சொன்ன புத்திமதியே அதுதான். உத்தரவு வரைவாக இருக்கும்போது கையெழுத்துப் போடாதே. அது எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? வெயிலுக்கும் அதையே சொன்னால் எப்படி ஐயா? மானியம் கூடுமாம், பொறு. தேர்தல் வருகிறதாம், பொறு. வரி குறையுமாம், பொறு. கத்தரித்து வைத்த செய்திகளால் ஃபைல் தலையணை மாதிரி உப்பிவிட்டது. உபைத் போன் பண்ணிப் பண்ணி அலுத்தே போனான்.

"ஏன்னா, இந்த கவர்மென்ட்காரா என்னிக்குத்தான் ஒரே பேச்சா பேசப் போறா?" என்று மனைவி ஸ்ரீரஞ்சனி கேட்டால், "அதுக்குத்தானே காத்துண்டிருக்கேன்" என்பார்.

இந்தத் தை மாசம் ஒருவழியாக எல்லா உத்தரவும் கைக்கு வந்தது. வரிக்கு வரி கோடு போட்டுப் படித்தார். சந்தேகமே இல்லை. உடனே உபைத்தை வரச் சொன்னார். சந்தோஷத்தில் இரண்டாவது காபியும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

உபைத் மத்தியானம் வந்து மாடி ஏறினான். டேப்பை வெளியே எடுக்கவே இல்லை. தெற்கே ஒட்டினாற்போலப் புதுசாக நாலு மாடிக் கட்டடம். அதன் நிழல் இவர் மாடியில் முக்கால்வாசியை மூடியிருந்தது. கட்டுகிற தூசிக்குப் பயந்து ஒரு வருஷமாக இவர் மாடிப்பக்கமே வரவில்லை.

"வருசத்துல பாதி நாள் இப்டித்தான் சார் இருக்கும். போட்டும் பிரயோஜனம் இல்ல" என்றான் உபைத். அவனுக்கே பாவமாக இருந்தது. "இவ்ளோ கிட்ட கட்டிக்கினு இருந்தாங்களே, நீங்க ஒண்ணும் கேக்கலியா?"

சந்திரமௌலி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"அந்த பில்டர் சாரம் கட்ட நம்ம காம்பவுண்டுல இடம் கேட்டு வந்தான்" என்றார். "ரூல் தெளிவா இருந்தது. அன்னிக்கே கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன்."